விலைக்கு முன்னே வேலைப்பாடு

கைக்கடிகாரத்தின் உயர்வு அது காட்டும் நேரத்தின் துல்லியத்தில் மட்டும் இல்லை. மலிவான குவார்ட்ஸ் கடிகாரத்திலுள்ள படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அதனால் பொதுவாக மாதத்துக்கு அரை நிமிடத்துக்கும் குறைவாகவே பிசகுகிறது. உயர்தர எந்திரக் கடிகாரத்துக்கோ, நாளொன்றுக்குச் சராசரியாக 4 நொடி பின்தங்கினாலும் 6 நொடி முந்தினாலும் சுவிட்சர்லாந்தின் கோஸ்க் நிறுவனம் சான்று தருகிறது. துல்லியத்தில் தோற்கும் கடிகாரத்துக்கு மதிப்பு கூடுவது வடிவமைப்பாலும் கைத்திறனாலும்தான்.

எந்திரக் கடிகாரத்தில் மின்கலம் இல்லை. முறுக்கிய சுருள்வில் விரிகையில் பற்சக்கரங்கள் சுழல்கின்றன. வில்லின் விசை ஒரேயடியாகத் தீர்ந்துவிடாதபடி, இருபுறமும் ஆடும் சமன்சக்கரம் அதைச் சிறிது சிறிதாக அளந்து விடுகிறது. காதில் விழும் 'டிக் டிக்' ஓசை அந்த அளத்தலின் ஓசையே.

வடிவமைப்பின் வலிமைக்கு மலேசியாவிலேயே சான்று உண்டு. ஒளிப்படக் கலைஞர் மிங் தெயின் நண்பர்களோடு சேர்ந்து 2017இல் 'மிங்' நிறுவனத்தைத் தொடங்கினார். வடிவமைப்பு மலேசியாவில், தயாரிப்பு சுவிட்சர்லாந்தில். இந்நிறுவனத்தின் '17.06 காப்பர்' 2019ஆம் ஆண்டு ஜெனீவா கடிகாரப் பெரும்பரிசு விழாவில், இளம் நிறுவனங்களுக்குரிய விருதைப் பெற்றது. அதன் கூடு 38 மில்லிமீட்டர் அகலமுள்ள எஃகு. உள்ளே இயங்குவது பல நிறுவனங்களும் வாங்கிப் பயன்படுத்தும் ஈடிஏ 2824 வகை எந்திரம். பொன்னும் மணியும் இல்லாமலே அது பரிசு வென்றது. செம்புநிற முகப்பில் செதுக்கிய கோலம் ஒளி விழும் கோணத்துக்கேற்ப மாறித் தெரிகிறது. வாரைப் பிடிக்கும் காதுகள் கூட்டிலிருந்து விரிந்து வளைகின்றன. தேதியும் நொடிமுள்ளும் இல்லாததால் அந்த முகப்பு முழுமையாகக் கண்ணில் படுகிறது.

இத்தகைய வேலைப்பாட்டை ரசிக்கும் திறன் படிப்படியாக வளர்வது. முதலில் கையை நீட்டி, தூரத்திலிருந்து நோக்க வேண்டும்: மணிமுள்ளும் நிமிடமுள்ளும் ஒரே பார்வையில் பிரிந்து தெரிகின்றனவா? நிமிடமுள்ளின் நுனி நிமிடக்கோட்டைச் சரியாகத் தொடுகிறதா? அடுத்து அருகில் கொண்டுவந்து கூட்டின் ஓரத்தைப் பார்க்கலாம். பளபளப்பான பரப்பும் மங்கலாகத் தேய்த்த பரப்பும் சந்திக்கும் கோடு கூர்மையாக இருந்தால் வேலை கவனமாக நடந்திருக்கிறது, மழுங்கியிருந்தால் அவசரமாக நடந்திருக்கிறது. கடைசியாக, பின்புறம் கண்ணாடியாயின், உள்ளிருக்கும் தகடுகளின் விளிம்புகளையும் திருகுகளின் தலைகளையும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் காணலாம்.

இப்படிப் பார்க்கப் பழகுவதற்குச் செல்வம் வேண்டியதில்லை. எவரும் தம் மணிக்கட்டில் உள்ள பழைய கடிகாரத்திலிருந்தே தொடங்கலாம். விலைச்சீட்டு கடிகாரத்தின் விலையை மட்டுமே சொல்லும். அதன் தகுதியைக் கண்டுகொள்வது பழகிய கண்.