பல்கலைக்கழக வாசலும் வாக்காளர் இடாப்பும்

(திருநெல்வேலியில் அங்கத்தவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



தேர்தல் நெருங்கியதும் எம்மவரிடையே ஒரு கேள்வி தவறாமல் எழுகின்றது: "பல்கலைக்கழகப் பக்கம் காற்று எப்படி?" பரமேசுவராச் சந்தியில் நான்கு இளைஞர் ஒரு துண்டுப்பிரசுரத்தைக் கிழித்தெறிந்தால் அக்கட்சி தோற்றது என்கின்றோம். கூட்டமொன்றில் நாற்பது பேர் கைதட்டினால் ஆசனம் கிடைத்தது என்கின்றோம். இக்கணக்குப் பிழையானது. அதை விளக்கவே எழுந்துள்ளோம்.

சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921ஆம் ஆண்டில் பரமேசுவராக் கல்லூரியை நிறுவிய இந்த மண்ணிலேதான் 1974ஆம் ஆண்டில் யாழ்ப்பாண வளாகம் தொடங்கிற்று. அதன்பின் சுற்றியிருந்த ஒழுங்கைகளின் தோற்றமே மாறிவிட்டது. தோட்டக் காணியிலே மாடி எழும்பிற்று. வீட்டின் பின்னறை மாணவர் அறையாயிற்று. இங்கே அமர்ந்திருக்கும் கமக்காரப் பெரியோர் பலருக்கு வெங்காயம் தராத வருமானத்தை அந்த அறைகள் தருகின்றன என்பதை நாமும் அறிவோம்!

மாணவரின் கருத்துக்கு நிறை உண்டு. 2001 ஜனவரியில் பொங்கு தமிழ் எழுந்தது இந்த வளவிலேதான். 2019 ஒக்டோபரில் ஐந்து தமிழ்க் கட்சிகளை ஒரே மேசையில் இருத்தி, பதின்மூன்று கோரிக்கைகளில் கையொப்பமிடச் செய்தவை யாழ்ப்பாண, கிழக்குப் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியங்களே. ஒரு வாக்குச்சீட்டேனும் இல்லாமல் ஆக்கிய காரியம் அது. ஆனால் வாக்குப்பெட்டியின் கதை வேறு.

சென்ற தேர்தலின்போது நாம் இங்குள்ள ஓர் ஒழுங்கையில் வீடு வீடாகச் சென்றோம். ஒரு முற்றத்திலே ஆறு சைக்கிள்கள் நின்றன. ஆறு பிள்ளைகளும் அரசியலை எம்மிலும் தெளிவாகப் பேசினார்கள். மகிழ்ச்சியோடு இடாப்பைப் புரட்டினோம். அவ்வீட்டு இலக்கத்தில் மூன்றே பெயர்கள்: வீட்டுக்கார ஐயா, அவர் மனைவியார், கனடாவில் வாழும் மகன். அந்த அறுவரில் இருவருக்கு வாக்கு முல்லைத்தீவில், ஒருவருக்கு மன்னாரில், ஒருவருக்கு நுவரெலியாவில். மற்ற இருவரும் தம் பெயர் எங்கேனும் பதியப்பட்டதா என்பதையே அறியார்!

1980ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டம் ஒருவரைச் சாதாரணமாக வதியும் இடத்தில் பதியச் சொல்கின்றது. படிப்புக்காக அறையெடுத்திருக்கும் பிள்ளையின் பெயரைப் பெற்றோர் ஊரிலேயே பதிகின்றனர். மாணவர் என்பதற்காகத் தபால் வாக்கும் இல்லை. ஆகவே இவ்வயலின் பேச்சை ஆக்குபவர் ஒரு கூட்டத்தார். இவ்வயலின் வாக்கை இடுபவர் வேறொரு கூட்டத்தார்.

2024இன் இலக்கங்களைப் பாருங்கள். செப்ரெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் அநுர குமார திசாநாயக்க பெற்றவை 27,086 வாக்குகள். எட்டு வாரம் முடியுமுன் நவம்பர் 14இல் அவரது தேசிய மக்கள் சக்தி 80,830 பெற்று மூன்று ஆசனங்களை எடுத்தது. தமிழரசுக் கட்சிக்கு 63,327 வாக்குகளும் ஓர் ஆசனமும். "இது மாணவர் அலை" என்று உடனே தீர்ப்புக் கூறினர் சிலர். அது பருத்தித்துறையிலும் கிளிநொச்சியிலும் தீவகத்திலும் விழுந்த வாக்கு. சீட்டிலே வயதும் இல்லை, தொழிலும் இல்லை. எந்தச் சாட்சியத்தின்பேரில் இத்தீர்ப்பு?

அதே தேர்தலில் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்ட வாக்குகள் நிராகரிக்கப்பட்டன. அதைப் பற்றி எவரும் பேசவில்லை. தமிழரசுக் கட்சி பெற்றதில் ஏறத்தாழ அரைவாசி! வரிசையில் நின்று வாக்களித்தும் வாக்களியாதவர் ஆயினர் இவர்கள். மாணவர் தம் வீட்டுக்கார அம்மாவுக்கு அந்த நீண்ட சீட்டில் எங்கே புள்ளடி இடுவது, விருப்பு வாக்கு எப்படி என்று ஒரு மாலை காட்டியிருந்தால் பத்து ஊர்வலத்திலும் பெரிய காரியமாக இருந்திருக்கும்.

வாக்களிப்பு வீதத்தையும் கண்ணை மூடிக்கொண்டு படித்தல் ஆகாது. 1931இல் யாழ்ப்பாண வாலிப காங்கிரசின் பகிஷ்கார அழைப்பினால் நான்கு தொகுதிகள் வெறுமையாகக் கிடந்தன, 1934இலேதான் நிரம்பின. அது வெளிப்படையான ஓர் அரசியல் முடிவு. 2005 ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாணத்தில் வாக்களித்தோர் 1.21 வீதம். அன்று வீட்டிலிருந்தவருள் யார் விருப்பத்தால் இருந்தார், யார் அச்சத்தால் இருந்தார் என்பதை அந்த இலக்கம் சொல்லாது. இன்று இந்த ஒழுங்கையில் மூன்று பெயரில் இருவர் வாக்களித்தால் மூன்றிலொருவர் சோம்பேறி என்று எழுதுகின்றார்கள். அவர் ரொறன்ரோவில் பனி வழிக்கின்றார்!

"கனடாப் பெயர் கிடக்கட்டும், எடுத்தால் ஆசனம் குறையுமே" என்றார் ஓர் அன்பர். அவருடைய கவலை வீணன்று. பதிவான வாக்காளர் தொகையைக் கொண்டே ஆசனங்கள் பங்கிடப்படுகின்றன; 2010இல் எமக்கு ஒன்பது, 2015இல் ஏழு, 2024இல் ஆறு. ஆயினும் இல்லாதவர் பெயரைக் காட்டி ஆசனம் கேட்பது பொய்ச்சாட்சியை வைத்து வழக்காடுவதற்கு ஒப்பாகும். வராத பெயர் ஆள்மாறாட்டக்காரனுக்குத் திறந்துவிட்ட படலையுமாகும். இருப்பவரைப் பதிவோம். பதினெட்டு நிரம்பும் பிள்ளைகளை இடைக்காலத்திலும் சேர்ப்பதற்கு 2021ஆம் ஆண்டின் திருத்தம் வழி வைத்துள்ளது. கிராம சேவையாளரிடமிருந்து வரும் படிவத்தை வானொலிப் பெட்டியின் மேல் வைத்து மறந்துவிடாதீர்கள், உங்கள் அறையிலிருக்கும் பிள்ளையிடமும் "உன் பெயர் ஊரிலே இருக்கிறதா?" என்று கேளுங்கள்.

அந்த ஆறு சைக்கிள் வீட்டிலே முல்லைத்தீவுத் தம்பி ஒருவர், "ஐயா, பஸ் செலவை உங்கள் கட்சி தருமா?" என்று கேட்டார். வாக்காளரின் பிரயாணச் செலவை நாம் கொடுப்பது தேர்தல் சட்டப்படி குற்றம் என்றோம். சிரித்தார். தேர்தலுக்கு முதல்நாள் மாலை அவ்வழியே சென்றபோது முற்றத்தில் அவரது சைக்கிள் பூட்டிக் கிடந்தது. சொந்தச் செலவிலேயே ஊருக்குப் போய்விட்டாராம். எந்தக் கட்சிக்கு வாக்களித்தார் என்று நாம் இன்றுவரை கேட்கவில்லை.