யானைக்கும் வேணும் ஒரு இன்ஜினியர்



"மிருகங்கள்னா உயிர் சார், ஆனா வெட்னரி சீட் கிடைக்கல" என்று வருந்தும் மாணவர்கள் இங்கேயும் இருப்பீர்கள். உங்களுக்காகவே இந்தப் பேச்சு.

இதே கல்லூரியில் மின்னணுவியல் படித்த நான், வெப்பக் கேமராப் படங்களில் யானையை அடையாளம் காணும் மென்பொருள் எழுதுகிறேன். 2021 நவம்பரில் கோவை நவக்கரை அருகே ரயில் மோதி 3 யானைகள் இறந்தன. 2024 பிப்ரவரியில் மதுக்கரை வனச்சரகத்தில் செயற்கை நுண்ணறிவு எச்சரிக்கை அமைப்பை அரசு தொடங்கியது. 12 கோபுரங்களில் கேமராக்கள். தண்டவாளத்தை யானை நெருங்கினால் வனத்துறைக்கும் ரயில்வேக்கும் தகவல் போகும். கோபுரம், கேமரா, மின்சாரம், நிரல் – இதில் எது நம்ம பாடமில்லை?

இருட்டிலும் உடற்சூடு தெரியும். ஆனால் மாட்டுக்கும் சூடு உண்டே! தப்பாக நாலு தடவை எச்சரித்தால் அப்புறம் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். எச்சரிக்காமல் விட்டாலோ ஓர் உயிர் போகும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எங்கள் வேலை.

பட்டம் மட்டும் போதாது. பாம்பு பிடிப்பதில் வல்லவர்களான இருளர்கள் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் 2023-ல் பத்மஸ்ரீ பெற்றார்கள். அவர்களுக்குக் காடுதான் கல்லூரி. நீங்களும் அனுமதி பெற்று வனக் காவலர்களோடு நடந்து பாருங்கள். இலத்தியைப் பார்த்தே யானை எப்போ போச்சுன்னு சொல்வார்கள். அது எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது.

சம்பளம் என் வகுப்புத் தோழர்களைவிடக் குறைவுதான். ஆனால் திங்கட்கிழமை வந்தால் எனக்கு அலுப்பு வருவதில்லை.