கத்தியா, கோடரியா?

விடுமுறைக் காலத்திலே காட்டோரத்திற் பாசறை அமைத்துத் தங்க எண்ணும் இளைஞர் தம் மூட்டையைக் கட்டும்போது ஒரு வினா தவறாது எழுகின்றது. வெட்டுங் கருவியாக எதனைக் கொண்டு செல்வது? பெரிய கத்தியா, கோடரியா? இரண்டையுஞ் சுமப்பது தோளுக்குப் பாரம். இரண்டையும் விட்டுச் செல்வது அடுப்புக்குக் குறை.

முதலில் இவ்விரு கருவிகளின் இயல்பை நோக்குவோம். கோடரியின் பாரமெல்லாம் பிடியின் நுனியிலுள்ள தலையிலே திரண்டிருக்கின்றது. ஆகவே, ஓங்கிய வேகம் முழுவதும் ஒரு சிறிய இடத்திற் சென்று தாக்கும். அதன் தலை ஆப்பைப்போற் பின்னோக்கித் தடித்திருப்பதால், மரத்தை வெட்டுவதோடு பிளக்கவுஞ் செய்யும். கத்தியோ மெல்லியது, நீண்ட வாயுடையது. கோடரி பட்டால் வளைந்து விலகிப்போகும் கொடியும் பச்சைக் கொம்பும், கத்தியின் வீச்சுக்குத் தப்புவதில்லை.

இனி, எந்தக் காட்டுக்கு எது என்பதைக் காண்போம். கனடா, நோர்வே போன்ற குளிர்நாடுகளில் இரவு முழுவதும் எரியும் தீயே உயிருக்குக் காவல். ஆங்கே பனியில் நனைந்த விறகின் உட்புறம் மட்டுமே உலர்ந்திருக்கும். தடித்த கட்டையைப் பிளந்தாலன்றித் தீ மூளாது. 'நெஸ்மக்' என்ற புனைபெயர் கொண்ட அமெரிக்க எழுத்தாளர் ஜோர்ஜ் வாஷிங்டன் சியர்ஸ், பாரங் குறைப்பதிற் பெருங் கவனமுடையவர். 1883ஆம் ஆண்டில் அவர் அடிரொண்டாக் மலைநாட்டு ஏரிகளிற் செலுத்திச் சென்ற தோணியின் நிறை 10½ இறாத்தல் மட்டுமே. அத்தகையவரும் இருபுறமும் வாயுள்ள சிறு கோடரி ஒன்றை விடாது வைத்திருந்தார். அந்நாட்டுக் காடு அதனை வேண்டிநின்றது.

வெப்பநாடுகளின் நிலை வேறு. மலாய் மக்கள் பராங் என்னும் நீண்ட கத்தியையும், மத்திய அமெரிக்க மக்கள் மச்சேற்றே என்னும் கத்தியையும் கைக்கருவியாகக் கொண்டமை தற்செயலன்று. இலங்கையின் வரண்ட பகுதிக் காட்டிலே வழியை மறிப்பவை முட்பற்றையும் கொடியுமே. பாலை, வீரை முதலிய மரங்களின் வைரம் பழகாத கையிலுள்ள கோடரியைத் துள்ளச் செய்யும். ஆனால், நாலைந்து பேருக்குச் சோறு சமைக்க அம்மரங்களை வெட்ட வேண்டியதில்லை. மணிக்கட்டளவு பருமனுள்ள உலர்ந்த கொம்புகள் நிலத்திலேயே கிடக்கும். பற்றை வெட்டவும், கூடாரத்துக்கு முளை சீவவும், இளநீர் சீவவும் கத்தியே உதவும். முப்பது நாற்பது பேர் பல நாள் தங்கும் பாசறைக்கும், மழைக்கால மலைநாட்டுக்கும் மட்டும் கோடரி வேண்டியதாகும். அப்பொழுதும் ஒன்று போதும். அது பொறுப்புள்ள முதியவர் ஒருவரின் கையில் இருத்தல் வேண்டும்.

அபாயத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். சிறிய கைக்கோடரி சிறுவருக்கு ஏற்றதெனப் பலர் கருதுவர். உண்மையில் அதுவே மிகுந்த எச்சரிக்கையை வேண்டுவது. நீண்ட பிடியுள்ள கோடரி குறி தவறினால் பெரும்பாலும் நிலத்திற் பாயும். குறுகிய பிடியுள்ளதோ முழங்காலை நோக்கித் திரும்பும். ஆகவே, அதனைக் கையாள்பவர் முழந்தாளிட்டு, அடிக்கட்டையின் மேல் விறகை வைத்தே வெட்டுதல் வேண்டும். கத்தியின் அபாயம் அதன் வீச்சிலே இருக்கின்றது. கையும் கத்தியும் நீட்டிய தூரத்துள் வேறெவரும் நிற்றலாகாது. வியர்த்த கையிலிருந்து நழுவாத பிடியும், நடக்கும்போது வாயை மூடும் உறையும் இன்றியமையாதன. வைத்தியசாலை பல மைல் தொலைவிலிருக்கும் இடத்திலே சிறு வெட்டும் பெருங் கேடாகலாம்.

மற்றுமொன்று. 1937ஆம் ஆண்டின் விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி தேசியப் பூங்காக்களில் மரஞ்செடிகளை வெட்டுதல் குற்றமாகும். பிற இடங்களிலும் உயிருள்ள மரத்தை அடுப்புக்காக வீழ்த்துதல் முறையன்று. பச்சை விறகு புகையுமேயன்றி நன்றாக எரியாது.

எனவே, இந்நாட்டிலே சிலர் கூடிச் சில நாள் தங்குவதற்குக் கத்தியே தக்க துணை எனலாம். புறப்படுமுன் அதனைக் கொல்லரிடங் கொடுத்துத் தீட்டிக்கொள்வது நன்று. மழுங்கிய கத்தி மிகுந்த பலத்தை வேண்டும். பலத்தை மிகுத்து ஓங்கும்போதே கை தவறுகின்றது.