கல்லீரலும் உள்ளங்கையும்

மனித உடலின் உள்ளுறுப்புகளில் மிகப் பெரியது கல்லீரல். வலப்பக்க விலா எலும்புகளின் காவலில் ஏறத்தாழ 1.5 கிலோ எடையுடன் இருக்கிறது. பித்தநீரைச் சுரப்பது, சர்க்கரையைச் சேமிப்பது, குடலிலிருந்து வரும் இரத்தத்திலுள்ள நச்சுகளை மாற்றுவது ஆகியவை அதன் பணிகள். ஒரு பகுதியை வெட்டி எடுத்தாலும் மீண்டும் வளரும்.

ஈரல் பேச்சுவழக்கிலும் இடம்பெறுகிறது: பெரும் அச்சத்தைத் தமிழர்கள் 'ஈரக்குலை நடுங்கியது' என்கிறார்கள்.

கைரேகை பார்ப்பவர்கள், சுண்டுவிரலை நோக்கி ஏறும் புதன் ரேகையை ஈரலோடு இணைக்கிறார்கள். இதற்கு மருத்துவச் சான்று இல்லை. ஆனால் நாள்பட்ட ஈரல் நோயில் உள்ளங்கையின் ஓரங்கள் சிவப்பதுண்டு. மருத்துவர்கள் அந்த நிறத்தைக் கவனிக்கிறார்கள்.

கல்லீரலின் ஆற்றலுக்கும் எல்லை உண்டு. 2023 மே மாதம், திண்டிவனத்துக்குக் கிழக்கே மரக்காணம் அருகிலுள்ள எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் பல உயிர்களைப் பறித்தது. ஈரலின் நொதிகள் மெத்தனாலைச் சிதைக்கும்போது ஃபார்மிக் அமிலம் உண்டாகிறது. அது பார்வையைப் பறிக்கும், உயிரையும் குடிக்கும்.

கண் மஞ்சளானாலோ, சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனாலோ இரத்தப் பரிசோதனை அவசியம். விழுப்புரம் மாவட்டத்தினருக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. மஞ்சள்காமாலை பி வகைக்குத் தடுப்பூசியும் உண்டு. பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் முதல் தவணை போட வேண்டும்.