நடுநிலை உத்தியோகம்: அரசாங்க வலையமைப்புப் பொறியியலாளரின் கடமைகளும் தகைமைகளும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தேவாரத்துடன் தொடங்கிய இவ்விழாவிலே கணினியைப் பற்றியும் கம்பியைப் பற்றியும் பேசுவதற்கு வந்து நிற்கிறேன். சமயம் வளர்க்கும் சங்கத்தில் இதற்கு என்ன இடம் என்று சிலர் எண்ணக்கூடும். நம் வாலிபர் பலர் உயர்தரப் பரீட்சையிற் சித்தியெய்தி, தகவல் தொழினுட்பம் கற்று, அரசாங்க உத்தியோகத்தை எதிர்பார்த்திருக்கின்றனர். அவ்வுத்தியோகத்தின் பாரம் இன்னதென்று அறியாமலே விண்ணப்பம் எழுதுகின்றனர். பெற்றோரோ, கதிரையும் ஓய்வூதியமும் கிடைத்துவிட்டால் பிள்ளை கரையேறிவிட்டது என்று நிம்மதி அடைகின்றனர். அந்த நிம்மதி போதாது என்று சொல்லவே வந்தேன்.

வலையமைப்பு என்பது யாது? பல கணினிகளைச் செப்புக் கம்பியாலும் ஒளியிழை வடத்தாலும் வானலையாலும் இணைத்து, ஓரிடத்துச் செய்தியை மற்றோரிடத்துக்குத் தவறாமற் சேர்ப்பிக்கும் ஏற்பாடே அது. நம் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தைத் தொடர்ந்து தகவல் தொடர்பாடல் தொழினுட்ப முகவர் நிலையம் உருவாகியது. அரச நிறுவனங்களை ஒன்றோடொன்று தொடுப்பதற்கு இலங்கை அரசாங்க வலையமைப்பு அமைக்கப்பட்டது. பிரதேச செயலகத்தில் ஒரு தாய் பிறப்புச் சான்றிதழின் பிரதி கேட்டு நிற்கும்போது, கண்ணுக்குத் தெரியாத இந்தப் பாதைதான் அவளுக்கு வேலை செய்கிறது. பாதை அடைபட்டால், இரண்டு பஸ் மாறி வந்த அவள் “நாளைக்கு வாருங்கள்” என்ற சொல்லோடு திரும்புகிறாள். அவளுடைய ஒருநாட் கூலி போய்விடுகிறது. இதுவே நாம் பேசும் விடயத்தின் உயிர்நிலை.

இப்பாதையைக் காப்பவர்களுள் நடுத்தரத்து உத்தியோகத்தரின் நிலை விசேடமானது. அவருக்கு மேலே பணத்தையும் கொள்கையையும் தீர்மானிக்கும் பணிப்பாளர் இருப்பார். கீழே கம்பி இழுத்துக் கருவி பொருத்தும் தொழினுட்ப உதவியாளர் இருப்பார். மேலே இருப்பவர் கம்பியை அறியார்; கீழே இருப்பவர் கொள்கையை அறியார். இருவர்க்கும் இடையே நின்று, ஒருவர் பாஷையை மற்றவர்க்கு விளங்கச் சொல்பவரே நடுத்தரத்துப் பொறியியலாளர். தமிழில் நடுநிலை என்ற சொல்லுக்கு இடைப்பட்ட இடம் என்றும் பொருள் உண்டு. பக்கம் சாராமை என்றும் பொருள் உண்டு. இவ்வுத்தியோகத்துக்கு இரண்டு பொருளும் பொருந்தும்.

அவருடைய முதற்கடமை, தம் பொறுப்பில் உள்ளதை அறிந்து எழுதி வைத்தலாம். எந்தக் கருவி எந்த அறையில் இருக்கிறது, எந்த வடம் எங்கே போகிறது, எந்த முகவரி எதற்குரியது என்பன வரைபடமாக இருத்தல் வேண்டும். பழைய முறை இணைய முகவரி 32 இருமத் தானங்கள் கொண்டது. அதனால் ஏறக்குறைய 430 கோடி முகவரிகளே அமையும். உலகுக்கு அது போதாமையால் 128 தானங்கள் கொண்ட புதிய முறை வந்தது. இரண்டையும் கலந்து நடத்த வேண்டிய காலத்தில், ஞாபகத்தை மாத்திரம் நம்புவது ஆபத்து. இடமாற்றம் பெற்றுப் போகும் ஒருவர் கந்தோரின் அறிவு முழுவதையும் தம் தலையிலே கொண்டுபோவாராயின், அவர் கெட்டிக்காரராயினும் கடமை செய்தவரல்லர்.

இரண்டாவது கடமை, பழுது வருமுன் காத்தல். செப்பு வடத்தை நூறு மீற்றருக்கு மேல் ஒரே தொடராக இழுத்தல் நியமத்துக்கு மாறானது. கட்டிடத்துக்குக் கட்டிடம் ஒளியிழை வடமே சிறந்தது. கண்ணாடியிழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆகையால் ஒரு கட்டிடத்தில் விழுந்த இடி அந்த இழை வழியே மற்றக் கட்டிடத்துக் கருவிகளைத் தாக்காது. இடைப்பருவ மழைக்காலத்தில் இடி முழங்கும் நம் நாட்டுக்கு இது சிறிய விடயமன்று. புவித்தொடுப்புச் சரியாக உள்ளதா, மின்கலங்கள் உயிரோடு உள்ளனவா, மென்பொருள்கள் காலத்துக்குக் காலம் புதுப்பிக்கப்பட்டனவா என்று பார்த்துக்கொண்டே இருத்தல் வேண்டும்.

யாவற்றிலும் பெரியது காப்புப் பிரதி. இங்கே என் சொந்தக் குற்றம் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நான் வாலிபனாய்ப் பணியாற்றிய கந்தோர் ஒன்றில் வெள்ளிதோறும் பிரதி எடுக்கும் ஒழுங்கு இருந்தது. எடுக்கப்பட்டதாகப் பதிவேட்டில் ஒப்பமும் இட்டேன். அப்பிரதியிலிருந்து ஒரு கோப்பையேனும் மீட்டெடுத்துப் பார்த்தேனில்லை. ஒருநாள் சேவையகத்தின் தட்டுப் பழுதாயிற்று. பிரதியைத் திறந்தபோது அதில் வெறும் கோப்புறைப் பெயர்களே இருந்தன. எழுதுவினைஞர்கள் ஆறு வாரம் கடதாசிக் கோப்புகளைப் பார்த்து மறுபடியும் தட்டச்சுச் செய்தார்கள். ஒருவரும் என்னை ஏசவில்லை. அதுவே எனக்குப் பெருந்தண்டனையாயிற்று. மீட்டுப் பாராத பிரதி பிரதியன்று என்பதை அன்று கற்றேன்.

இது என் ஒருவனுடைய கதையாக முடியவில்லை. 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் நம் அரசாங்கத்தின் மின்னஞ்சற் சேவையைக் கப்பம் கோரும் தீநிரல் தாக்கியது. ஏறக்குறைய ஐயாயிரம் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையுள்ள கடிதங்கள் மீளாமற் போயின. அக்காலப் பகுதிக்கு வேறாக வைக்கப்பட்ட பிரதி இருக்கவில்லை. மென்பொருளும் காலங்கடந்த பதிப்பாய் இருந்தது. புதுப்பித்தல், பிரதியெடுத்தல் என்னும் இரண்டு சிறு வேலைகள் தவறினால் ஒரு நாட்டின் கருமமே தடைப்படும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறிடத்தில் என்னும் விதியை நண்பர்கள் மனத்தில் இருத்துக.

மூன்றாவது கடமை, இரகசியம் காத்தல். வலையமைப்பின் திறப்பு இவர் கையில் இருக்கிறது. பிறர் கடிதத்தைப் பார்க்க இவரால் இயலும். இயலும் என்பதனாலேயே பார்த்தலாகாது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் அதிகாரமின்றிப் புகுவதைக் குற்றமாக்குகிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரச நிறுவனங்களையும் உள்ளடக்கியே ஆக்கப்பட்டது. “இன்னாருடைய அஞ்சலைத் திறந்து காட்டும்” என்று மேலதிகாரி வாய்மொழியாகக் கேட்டால், “எழுத்தில், உரிய அதிகாரத்துடன் தாருங்கள், ஐயா” என்று பணிவோடு சொல்லும் துணிவு வேண்டும்.

நான்காவது, கொள்வனவு. தொழினுட்ப மதிப்பீட்டுக் குழுவில் இவர் அமர நேரிடும். வேண்டிய கருவியின் விபரத்தை எழுதும்போது, ஒரே வியாபாரியின் பொருளுக்கு அளவெடுத்த சட்டையாக எழுதிவிடுதல் எளிது. பண்டிகைக் காலத்துப் பரிசுப் பொதி வீட்டுக்கு வருவதும் எளிது. திருப்புகலூரில் உழவாரப் பணி செய்த அப்பரடிகள், நிலத்தில் விளங்கிய பொன்னையும் மணியையும் கல்லோடும் புல்லோடும் வாரிக் குளத்தில் எறிந்தார் என்று பெரியபுராணத்திற் கற்றிருக்கிறோம். பாதையைத் துப்புரவு செய்பவனுக்கு அந்தக் கதை வெறுங் கதையன்று.

இனித் தகைமைகளைச் சொல்வேன். பட்டமோ உயர் டிப்ளோமாவோ வாயிற்படி. பல்கலைக்கழகத்துக்கு இடங் கிடையாதவர் சோர்வடைய வேண்டாம். தேசியத் தொழிற் தகைமையில் ஏழாம் மட்டம் பட்டத்துக்கு நிகரானது, படிப்படியாய் ஏறலாம். சிஸ்கோ நிறுவனத்தின் சி.சி.என்.ஏ. போன்ற சான்றிதழ்களும் உதவும். அது மூன்றாண்டில் காலாவதியாகும், புதுப்பித்தல் வேண்டும். அந்த ஒழுங்கே நமக்கு ஒரு பாடம்: இத்துறையில் கற்றது பழையதாகும். கோட்பாட்டோடு கைப்பழக்கமும் வேண்டும். பழைய றவுட்டர் ஒன்றைப் பிரித்துப் பூட்டியவனுக்கு நூறு பக்கம் தானாக விளங்கும்.

மொழித் தகைமையும் அத்துணை முக்கியமானது. கருவியின் நூல்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. அரச ஊழியர் இரண்டாவது அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெறல் வேண்டும். ஆகையால் சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் விருப்போடு கற்க. தமிழை மறவாதிருக்க, பிரதேச செயலகத்தில் நிற்கும் அந்தத் தாய்க்கு, ஏன் தாமதம் என்பதை அவளுடைய சொல்லிலே சொல்ல வேண்டியவர் நீங்களே.

நண்பர்களே, இவ்வுத்தியோகம் நன்றாக நடக்கும்போது எவரும் அதை நினைப்பதில்லை. தவறும்போதே பெயர் கேட்கப்படும். புகழை விரும்புவோர் வேறு தொழில் நாடலாம். திருவிழாக் கூட்டம் வீதியில் நடக்கும்போது, முன்னாளிரவு அவ்வீதியின் முள்ளை அகற்றியவன் யார் என்று எவரும் வினவுவதில்லை. ஆயினும் தேர் தடையின்றி ஓடுகிறது. விண்ணப்பப் பத்திரத்தில் ஒப்பமிடுமுன், அந்த முள்ளகற்றும் வேலைக்கு என் மனம் இசைகிறதா என்று ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்க. இசையுமாயின் அஞ்சாது வருக. எல்லாம் வல்ல இறைவன் திருவருள் துணை நிற்பதாக.