இரண்டு வரிக்கு நடுவே பத்துப் படி

சென்னைப் பல்கலைக்கழகம் 1913ஆம் ஆண்டு ஸ்ரீநிவாச ராமானுஜனுக்கு ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. மாதம் 75 ரூபாய், இரண்டு ஆண்டுகளுக்கு. அப்போது அவரிடம் பட்டம் எதுவும் கிடையாது, கல்லூரி முதல் கட்டமான எஃப்.ஏ. தேர்விலேயே தேறாதவர். துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் வேலை. உதவித்தொகைக்கு ஈடாகப் பல்கலைக்கழகம் கேட்டது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை, செய்த வேலையைப் பற்றி ஓர் அறிக்கை. இன்றைய ஆராய்ச்சி மாணவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சமர்ப்பிக்கும் முன்னேற்ற அறிக்கைக்கு மூதாதை என்று அதைச் சொல்லலாம்.

அந்த 75 ரூபாய் அவரை வயிற்றுப்பாட்டுக் கவலையிலிருந்து விடுவித்தது. ஆனால் அவருடைய கணிதம் பிறர் படித்துப் புரிந்துகொள்ளும் கணிதமாக மாறத் தொடங்கியது அதற்கு முன்பே, திருவல்லிக்கேணியில் ஒரு வீட்டில். துறைமுக அலுவலகத்தில் அவருக்கு மேலதிகாரியான எஸ். நாராயண ஐயர் முன்பு கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். இராச் சாப்பாடு முடிந்ததும் இருவரும் ஆளுக்கொரு பெரிய சிலேட்டோடு உட்கார்ந்துவிடுவார்கள். குச்சி கிறீச்சிடும் சத்தம் நெடுநேரம் கேட்கும். பத்துப் படியாக எழுத வேண்டியதை ராமானுஜன் இரண்டே வரியில் முடித்துவிடுவார். இது தெளிவாகத்தானே இருக்கிறது என்பது அவர் எண்ணம். நாராயண ஐயர் விடமாட்டார். தனக்கே புரியாதபோது வேறு யாருக்குப் புரியும், இந்த இரண்டு வரிக்கும் நடுவே பத்துப் படியாவது எழுது என்பார். முணுமுணுத்துக்கொண்டே ராமானுஜன் எழுதுவார்.

வழிகாட்டுதல் என்ற சொல்லுக்கு இதைவிடச் சரியான விளக்கம் கிடைப்பது அரிது. மாணவரைவிடக் குறைவாகத் தெரிந்த ஒருவர் அவருக்கு வழிகாட்டியாக இருக்க முடியும் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. நாராயண ஐயர் புதிதாக ஒரு தேற்றத்தையும் ராமானுஜனுக்குக் கற்பிக்கவில்லை. விட்டுப்போன படியைக் கேட்டார், தினமும் கேட்டார், அவ்வளவுதான். ஆராய்ச்சி நெறியாளர் செய்கிற வேலையில் பெரும்பகுதி இதுவே.

1914இல் ராமானுஜன் கேம்பிரிட்ஜ் போன பிறகு, அங்கிருந்த கணிதவியலாளர் ஜி.எச். ஹார்டிக்கு வேறொரு சிக்கல். முறையான நிரூபணம் என்றால் என்ன என்பதை ராமானுஜனுக்குச் சொல்லித்தந்தாக வேண்டும். பிடிவாதமாகச் சொல்லித்தந்தால் அவருடைய தன்னம்பிக்கை போய்விடும், கற்பனையின் ஓட்டம் நின்றுவிடும் என்று ஹார்டி பயந்தார். தேவையானதை மட்டும் சொல்லி, மற்றதை அவர் போக்கில் விட்டார். தன்னிடம் ராமானுஜன் கற்றதைவிட அவரிடம் தான் கற்றது மிக அதிகம் என்று பிற்பாடு எழுதவும் செய்தார். அதே ஹார்டிக்கு ஒரு வருத்தமும் இருந்தது. எந்தெந்தப் புத்தகம் படித்தாய், இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டிருந்தால் ராமானுஜன் சொல்லியிருப்பார். நாள்தோறும் அரை டஜன் புதுத் தேற்றங்களோடு வருகிறவரிடம் போய் அதைக் கேட்பது ஹார்டிக்கு வேடிக்கையாகத் தோன்றியது, கேட்காமலே இருந்துவிட்டார். உலகத்தின் மிகச் சிறந்த வழிகாட்டி ஒருவர்கூட எதிரில் இருந்த கணக்கைப் பார்த்தார், அதைப் போட்ட ஆளை அரைகுறையாகத்தான் பார்த்தார்.

ராமானுஜன் கதையில் எல்லாமே தற்செயல். இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவிய வி. ராமசாமி ஐயர் கண்ணில் அவருடைய நோட்டுப் புத்தகம் பட்டது, நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்தது, மேலதிகாரி கணிதம் தெரிந்தவராக அமைந்தது, இங்கிலாந்துக்குப் போன கடிதங்களில் ஒன்று ஹார்டி கைக்குச் சேர்ந்தது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்திருந்தால் கணக்கு எழுதும் குமாஸ்தாவாகவே அவர் காலம் முடிந்திருக்கும். கண்ணி அறுந்துபோனவர்களின் பெயர்கள் யாருக்கும் தெரியாது. தற்செயலை ஏற்பாடாக மாற்ற முடியுமா என்பதுதான் மாணவர்களைத் தேர்ந்தெடுத்து வழிகாட்டப் பல்கலைக்கழகங்கள் நடத்தும் ஸ்காலர்ஸ் திட்டங்களுக்குப் பின்னால் இருக்கும் கேள்வி.

முடியும் என்பதற்கான முதல் துப்பு அமெரிக்காவில், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. 1970களில் அங்கே கால்குலஸ் பாடத்தில் கறுப்பின மாணவர்கள் அதிக எண்ணிக்கையில் தோற்றுக்கொண்டிருந்தார்கள். காரணம் என்ன என்று ஆசிரியர்களைக் கேட்டால் பதில் தயாராக இருந்தது: ஆர்வம் இல்லை, பள்ளியில் அடித்தளம் சரியில்லை, வீட்டில் ஊக்கம் இல்லை. யூரி ட்ரைஸ்மன் என்ற ஆய்வு மாணவர் அதை அப்படியே நம்பாமல், கறுப்பின மாணவர் 20 பேரையும் சீன வம்சாவளி மாணவர் 20 பேரையும் மாதக்கணக்கில் கூடவே இருந்து கவனித்தார். ஆசிரியர்கள் சொன்ன காரணம் ஒன்றுகூட நிற்கவில்லை. கறுப்பின மாணவர்கள் சொன்னபடி உழைத்தார்கள். வாரத்துக்கு எட்டு மணி நேரம், தன்னந்தனியாக. சீன மாணவர்களும் தனியாகப் படித்தார்கள். ஆனால் மாலையில் ஒன்றுகூடினார்கள். சாப்பிட்டுக்கொண்டே விடைகளை ஒப்பிட்டார்கள். ஒருவருக்கு வராத கணக்கு எல்லோருக்குமே வரவில்லை என்றால் கணக்கு கடினம். ஒருவருக்கு மட்டும் வரவில்லை என்றால் அவர் எங்கே தவறினார் என்று மற்றவர்கள் காட்டினார்கள். தனியாகப் படித்தவருக்கோ தேர்வு முடிவு வரும்வரை தன் நிலை என்ன என்றே தெரியாது.

ட்ரைஸ்மன் செய்த அடுத்த காரியம் இன்னும் முக்கியமானது. பின்தங்கியவர்களுக்குச் சிறப்பு வகுப்பு என்று அவர் வைக்கவில்லை. வழக்கத்தைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்துக் கூடிப் போடச் சொல்லும் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். கைதூக்கிவிடுவது என்ற தோரணை அங்கே கிடையாது. மாணவருக்கு உள்ளுக்குள் அவமானமாக இருக்கும் எந்த உதவியும் அவரை வளர்ப்பதில்லை. மாலை நேரத்து ரெமிடியல் வகுப்பில் கடைசி பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்தவர்களுக்கு இது விளக்காமலே தெரியும்.

துப்பைத் திட்டமாக்கியவர் ஃப்ரீமன் ரபௌஸ்கி. அலபாமா மாநிலத்து பர்மிங்ஹாமில் 1950இல் பிறந்தவர். 1963இல் தேவாலயத்தின் பின்வரிசையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த சிறுவன், மேடையில் மார்ட்டின் லூதர் கிங் பேசியதைக் கேட்டு, குழந்தைகள் நடத்திய உரிமைப் பேரணியில் சேர்ந்தான். 12 வயதில் ஐந்து நாள் சிறை. கணிதம் படித்து, 24 வயதில் முனைவர் பட்டம் பெற்றவர், 1988இல் பால்டிமோர் நகரை ஒட்டிய மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் நிர்வாகப் பொறுப்பில் இருந்தார். ராபர்ட் மேயர்ஹாஃப் என்ற செல்வந்தர், கறுப்பின இளைஞர்களைப் பற்றி நல்ல செய்தியே வருவதில்லையே என்ற கவலையோடு பணம் தர முன்வந்தார். மேயர்ஹாஃப் ஸ்காலர்ஸ் திட்டம் பிறந்தது. 1989இல் சேர்ந்த முதல் அணியில் 19 பேர், எல்லோரும் கறுப்பின ஆண்கள். அடுத்த ஆண்டு பெண்களும், 1996 முதல் எல்லா இனத்தவரும் சேர்க்கப்பட்டார்கள்.

அதன் நடைமுறை இப்படி. கல்லூரி திறப்பதற்கு முந்தைய கோடையில் ஆறு வாரம், சேர்ந்த அனைவரும் ஒரே விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். படிப்புக் குழு கட்டாயம். திட்டத்துக்கென்றே உள்ள ஆலோசகர்கள் ஒவ்வொரு மாணவரையும் அடிக்கடி பார்க்கிறார்கள், மதிப்பெண் குறைந்த பிறகு கூப்பிட்டு விசாரிப்பதற்காக மட்டும் அல்ல. முதலாண்டிலிருந்தே ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். விஞ்ஞானியை உருவாக்க விஞ்ஞானி வேண்டும் என்பது ரபௌஸ்கியின் உறுதியான கருத்து. எய்ட்ஸ் வைரஸின் கட்டமைப்பை ஆராயும் மைக்கேல் சம்மர்ஸ் போன்றவர்களின் ஆய்வகங்களில் இளநிலை மாணவர்கள் சோதனைக் குழாய் கழுவுவதோடு நின்றுவிடாமல் ஆராய்ச்சியே செய்தார்கள்.

வெளியாட்களை வியக்க வைப்பது இன்னொரு வழக்கம். அடிப்படைப் பாடத்தில் ‘சி’ கிரேடு வாங்கியவர் தேறியவர்தான். ஆனாலும் அந்தப் பாடத்தை மீண்டும் படிக்கும்படி அவரிடம் சொல்கிறார்கள். நம்மூரில் அரியர் இல்லை என்றால் அது போதும். அங்கே, அரைகுறையாகக் கடந்த பாடம் அடுத்த ஆண்டு வேறு பெயரில் திரும்பி வரும் என்று எச்சரிக்கிறார்கள். பள்ளியில் எப்போதும் முதலிடம் வாங்கிய மாணவருக்கு இந்தப் பேச்சு முதலில் கசக்கும். தெரியாது என்று பத்துப் பேர் நடுவில் சொல்வதற்கும், திருத்தப்படுவதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாமல் இருப்பதற்கும் பழக்கம் வேண்டும். தனிமனித வளர்ச்சி என்று பெரிய பெயரில் அழைக்கப்படுவது நடைமுறையில் இந்த இரண்டு பழக்கங்கள்தான். இவற்றைத் தனியாக உட்கார்ந்து யாரும் கற்றதில்லை.

பலன் கிடைத்ததா என்பதை அளக்க அவர்கள் கையாண்ட முறையும் கெட்டிக்காரத்தனமானது. திட்டத்தில் இடம் கிடைத்தும் சேராமல் வேறு கல்லூரிக்குப் போனவர்களோடு, சேர்ந்தவர்களை ஒப்பிட்டார்கள். இரு தரப்பினரும் மதிப்பெண்ணில் ஒரே தரம். சேர்ந்தவர்கள் அறிவியல் முனைவர் பட்டப் படிப்புக்குப் போவது மற்றவர்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு அதிகம். ரபௌஸ்கி என்ற ஒரு மனிதரின் ஈர்ப்பால் நடந்த காரியம் இது, வேறிடத்தில் முளைக்காது என்று சொன்னவர்களும் உண்டு. 2013இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகமும் வட கரோலினாவின் சாப்பல் ஹில் பல்கலைக்கழகமும் அதே அச்சில் திட்டம் தொடங்கின. சில ஆண்டுகளில் அங்கேயும் அதே போக்குத் தெரிந்தது.

மேயர்ஹாஃப் திட்டத்தில் படித்து 2008இல் பட்டம் பெற்றவர் கிஸ்மெகியா கார்பெட். மாணவராக இருந்தபோதே கோடை விடுமுறைகளில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்து ஆய்வகத்தில் வேலை செய்தார்; முனைவர் பட்டம் முடித்த பின் 2014இல் அங்கேயே திரும்பினார். 2020இல் கொரோனா வைரஸின் மரபணு வரிசை வெளியான 66ஆம் நாளில் மாடர்னா தடுப்பூசி மனிதர் ஒருவருக்கு முதன்முதலாகப் போடப்பட்டது. அதற்கு அடித்தளமிட்ட அரசு ஆய்வகக் குழுவை வழிநடத்தியவர்களில் கார்பெட் முக்கியமானவர். அந்தத் தடுப்பூசிக்கும் வழிகாட்டுதலுக்கும் நேர்க்கோடு போடுவது மிகையாகும். ஆனால் இளநிலை மாணவர் ஒருவர் அந்த ஆய்வகத்தின் கதவைத் திறந்து உள்ளே போனது ஓர் ஏற்பாட்டினால்தான்.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ஏற்பாடே இல்லை என்று சொல்ல முடியாது. மென்டர், அதாவது வழிகாட்டும் ஆசிரியர், ஒருவருக்கு எத்தனை மாணவர் என்று கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு கேட்கிறது. கல்லூரிகள் பதில் சொல்கின்றன. இருபது, முப்பது மாணவருக்கு ஓர் ஆசிரியர், ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு மென்டர் நோட்டு. நாக் குழு வருவதற்கு முந்தைய வாரம் துறை அறையில் அந்த நோட்டுகள் அடுக்கிவைக்கப்பட்டு, மூன்று ஆண்டுச் சந்திப்புகளுக்கும் ஒரே பேனாவில் கையெழுத்து விழும் காட்சியைப் பார்த்தவர்கள் இந்தப் பட்டமளிப்பு விழா அரங்கத்தில் பலர் இருக்கலாம். ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. வாரம் முழுவதும் வகுப்பு, தேர்வுத் தாள், அட்மிஷன் வேலை, இடையில் முப்பது பேரின் மனசு. பணிநேரக் கணக்கில் வராத வேலை நோட்டில் மட்டுமே நடக்கும்.

வழிகாட்டுதல் நோட்டோடு நின்றுபோனால், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைக்கு அதன் விலை அதிகம். கட்டண விலக்கு அவரை வகுப்பறை வரைக்கும் கொண்டுவந்துவிடுகிறது. கோடைகால ஆய்வு உதவித்தொகை என்று ஒன்று உண்டு, அதற்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள் எப்போது, ஒரு பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதினால் அவர் கோபித்துக்கொள்வாரா, மேற்படிப்புக்கான கேட் தேர்வா வேலையா, இவற்றையெல்லாம் அவர் யாரிடம் கேட்பார்? படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு இது சாப்பாட்டு மேசையில் கிடைக்கிறது. முதல் தலைமுறைப் பிள்ளைக்கோ, சாரிடம் போய் எப்படிக் கேட்பது என்ற தயக்கத்திலேயே மூன்று ஆண்டும் கடந்துவிடும்.

இந்த நிலையை மாற்றப் பெரிய நிதி தேவையில்லை. பெர்க்லியில் ட்ரைஸ்மன் கண்டது விலையில்லாதது: கூடி உட்காரும் மாலை நேரம். திருவல்லிக்கேணியில் தேவைப்பட்டவை இரண்டு சிலேட்டுகள். ஆசிரியரால் எட்ட முடியாத இடத்தை சில ஆண்டு மூத்தவரால் எட்ட முடியும்; அதே பாடத்தில் அதே இடத்தில் தடுக்கி விழுந்த நினைவு அவருக்கு இன்னும் ஆறியிருக்காது. இன்று பட்டம் பெறுவோர் அனைவரும் அந்த மூத்தவர்கள். துறை அலுவலகத்தில் முதலாண்டு மாணவர் பட்டியல் இருக்கிறது. ஊருக்குக் கிளம்புவதற்கு முன் ஆளுக்கொரு பெயரையும் தொலைபேசி எண்ணையும் கேட்டு வாங்கிக்கொண்டு போக வேண்டும். அந்த மாணவரை இந்த மாதத்துக்குள் ஒருமுறை அழைத்துப் பேச வேண்டும்.