பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு

"டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்" என்ற பேச்சு வீட்டில் எழுந்ததும் இரண்டு விதமான முகங்களைக் காணலாம். வியாதி முற்றிவிட்டது போலும் என்று ஒருவர் அஞ்சுவார். இனியாவது நல்ல வைத்தியம் கிடைக்கும் என்று மற்றொருவர் நிம்மதி அடைவார். சீட்டை எழுதிய டாக்டரின் மனத்தில் என்ன இருந்தது என்பதை இருவருமே அறியார். அதைப் பற்றித்தான் இன்று சிறிது பேச விரும்புகிறோம். நாம் வைத்தியர் அல்லோம். பெங்களூரில் மத்திய சர்க்கார் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பு வேலை பார்த்துக் காலம் கழிப்பவர். ஆயினும் இந்தச் சீட்டு விஷயத்தில் மொழிபெயர்ப்பாளனுக்கும் கொஞ்சம் வேலை இருக்கிறது என்பது போகப் போக விளங்கும்.

முன்னெல்லாம் அச்சீட்டு வழிகாட்டும் காகிதம் மட்டுமே. இன்றோ சிகிச்சைக்குப் பணம் யார் கொடுப்பது என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. 2018ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கர்நாடக சர்க்கார் 'ஆரோக்கிய கர்நாடகா' என்ற திட்டத்தைத் தொடங்கிற்று. அதே ஆண்டு செப்டம்பர் 23ஆம் தேதி ராஞ்சி நகரில் 'ஆயுஷ்மான் பாரத்' காப்பீட்டுத் திட்டம் நாடு முழுவதற்குமாகத் தொடங்கி வைக்கப்பட்டது. அக்டோபர் இறுதியில் கர்நாடகத்தில் இவ்விரண்டும் ஒன்றாக இணைந்தன. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலும், மற்றவர்களுக்கு நிர்ணயித்த கட்டணத்தில் 30 சதவீதம் என்ற கணக்கில் ஒன்றரை லட்சம் ரூபாய் வரையிலும் உதவி என்று அப்போது வகுத்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மத்தியத் திட்டத்தின் பொது விதிப்படி, பட்டியலிலுள்ள ஆஸ்பத்திரிக்கு நோயாளி நேரே செல்லலாம். கர்நாடகமோ வேறு வழியை மேற்கொண்டது. சாதாரணச் சிகிச்சைகளைச் சர்க்கார் ஆஸ்பத்திரியிலேயே செய்துகொள்ள வேண்டும். கடினமான சிகிச்சைக்கு அங்கே வசதி இல்லையென்றால், அங்கிருந்து சீட்டு வாங்கிக்கொண்டுதான் தனியார் ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். உயிருக்கு ஆபத்தான அவசர நிலைக்கு மட்டும் சீட்டு வேண்டியதில்லை. இந்தக் கடைசி விதியை அறியாமல், மாரடைப்பு வந்தவரைக் கூடச் சீட்டுக்காக அங்குமிங்கும் தூக்கிக்கொண்டு அலையும் குடும்பங்கள் உண்டு. அவசரம் என்றால் அவசர வாசலுக்கே போக வேண்டும். காகிதத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நம் தெருவில் வண்டி வைத்து இஸ்திரி போடும் ஒருவர் இருக்கிறார். திருப்பத்தூர்ப் பக்கத்துக்காரர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இவ்வூர்வாசி. ரேஷன் கார்டும் இவ்வூரதே. ஐம்பது வயதை நெருங்குகையில் அவருக்கு இருமலும் களைப்பும் கண்டன. அருகிலிருந்த சர்க்கார் கிளினிக்குக்குப் போனார். "என்ன?" என்று கேட்ட டாக்டரிடம், "சளிங்க" என்றார். தமிழனுக்குச் சளி என்றால் மார்பில் கட்டும் கபம். கன்னடத்தில் 'சளி' என்று காதில் விழுவது குளிர், நடுக்கம். டாக்டர் குளிர் காய்ச்சலோ என்று ஐயுற்று, இரத்தப் பரிசோதனைக்கு எழுதி, மாத்திரையும் கொடுத்தார். வெளியே அறுபது பேர் காத்திருக்கையில் ஒருவருக்கு மூன்று நிமிஷத்துக்கு மேல் கொடுக்க இயலாத டாக்டரை நாம் குறை சொல்லமாட்டோம். சொல்லின் பிழையென்றும் சொல்ல முடியாது. இரண்டு மொழியும் ஒரே வயிற்றில் பிறந்தவையாதலால் வந்த வினை அது.

பத்து நாள் கழித்து மறுபடியும் போனார், மறுபடியும் மாத்திரை. பொறுமையிழந்து ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே பரிசோதித்துவிட்டு, இருதயத்தில் கோளாறு இருக்கலாம், மேற்கொண்டு பார்க்கப் பணம் கட்டுங்கள், திட்டத்தில் சேர வேண்டுமானால் சர்க்கார் ஆஸ்பத்திரியின் சீட்டு வேண்டும் என்றார்கள். கையில் பணமில்லை. திரும்பிவிட்டார். மூன்றாம் முறை கிளினிக்குக்கு, கன்னடப் பள்ளியில் படித்த அவர் மகள் உடன் சென்றாள். அவள் சொன்னது ஒரே வாக்கியம்: அப்பா மெத்தைப் படி ஏறினால் 'ஏதுசிரு' வருகிறது. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிறது என்பது அதன் பொருள். டாக்டர் உடனே எழுந்து குழலை மார்பில் வைத்துக் கேட்டார். அந்த நேரத்திலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதப்பட்டது. வியாதி அன்று புதிதாக வந்ததன்று. ஒரு மாதமாக அதே மார்பில்தான் இருந்தது.

இதற்கு நேர்மாறான சங்கதியும் உண்டு. காலைப் பட்டினியில் தலை கிறுகிறுத்த ஒரு மூதாட்டி, "மயக்கமா வருது" என்றார். தமிழில் மயக்கம் என்பது தலைச்சுற்றலும் ஆகும், நினைவிழத்தலும் ஆகும். உடனிருந்தவர் அதைக் கன்னடத்தில் 'மூர்ச்சை' என்று பெயர்த்துவிட்டார். மூர்ச்சை போட்டு விழும் கிழவியை எந்த டாக்டர்தான் தம் பொறுப்பில் வைத்துக்கொள்வார்? மூளைக்கான ஆஸ்பத்திரிக்கு எழுதிவிட்டார். 'தலெ சுத்து' என்று சொல்லியிருந்தால் அன்றே மோரும் மாத்திரையுமாக வீடு திரும்பியிருப்பார். அது நம் 'தலைச்சுற்று'தானே, ஏன் நாவில் வரவில்லை என்று பிற்பாடு வருந்தினோம். ஏனெனில் பெயர்த்துச் சொன்ன அந்த அறிவாளி நாமே.

மொழி ஒரு காரணந்தான். நமக்குப் பழக்கமான சில டாக்டர்களிடம், எதைப் பார்த்து எழுதுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறோம். வியாதியின் கடுமையைத்தான் முதலில் சொல்வார்கள். சற்று நேரம் பேசிக்கொண்டிருந்தால் மற்றவையும் வரும். இன்சுலின் வந்து சேரவில்லை என்றால் சர்க்கரை நோயாளியை அனுப்பத்தான் வேண்டும். பரிசோதனைச்சாலை ஆள் விடுமுறையில் போனால், கீழேயே தீரக்கூடிய சந்தேகம் மேலே ஏறுகிறது. நோயாளியே "எழுதிக் கொடுங்கள்" என்று பிடிவாதம் பிடிக்கிறார். மறுத்தால், நாளை ஏதேனும் நேர்ந்தால் பழி வரும் என்ற பயம். அனுப்பினோம் என்று எவரும் குற்றம் சாட்டுவதில்லை, அனுப்பவில்லை என்றுதான் சாட்டுவார்கள் என்றார் ஒருவர். பெரிய ஆஸ்பத்திரியின் நீண்ட வரிசைக்கு இந்த ஒரு வாக்கியத்தைவிட நல்ல விளக்கம் நாம் கேட்டதில்லை.

பணம் கொடுக்கும் முறையும் இதில் கலந்திருக்கிறது. இந்தோனேஷியாவில் 2014 ஜனவரி முதல் தேதியன்று தேசிய சுகாதாரக் காப்பீடு ஏற்பட்டது. அங்கே ஆரம்ப வைத்திய நிலையத்துக்கு, பதிவு செய்துகொண்ட ஆள் ஒன்றுக்கு மாதம் இவ்வளவு என்று முன்கூட்டியே தொகை போய்விடுகிறது. நோயாளியைத் தானே பார்த்தாலும் அதே தொகை, மேலே தள்ளிவிட்டாலும் அதே தொகை. இது தெரிந்துதான், ஆரம்ப நிலையிலேயே முடிக்க வேண்டிய 144 நோய்களைக் குறித்து வைத்து, அவற்றுக்காக மேலே அனுப்பினால் நிலையத்தின் பெயர் கெடும்படி கணக்கும் வைத்தார்கள். கணக்கு இறுகினால் அனுப்ப வேண்டியவரையும் அனுப்பாமல் வைத்துக்கொள்ளும் ஆசை பிறக்கும் என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நம் சர்க்கார் டாக்டருக்கு மாதச் சம்பளம். அந்த ஆசைக்கு இடம் குறைவு. அவரை அசைப்பது வேலைப் பளுவும் மேற்சொன்ன பயமுமே.

இந்தப் படிக்கட்டு முறை புதிதன்று. 1943இல் நியமிக்கப்பட்டு 1946இல் அறிக்கை தந்த போர் கமிட்டி, கீழே ஆரம்ப நிலையம், நடுவே ஒன்று, மேலே ஜில்லா ஆஸ்பத்திரி என்று மூன்று படிகளைத் திட்டமிட்டது. சென்னைச் சர்வகலாசாலையின் துணைவேந்தராக நெடுங்காலம் இருந்த டாக்டர் ஆ. லட்சுமணசுவாமி முதலியார் அக்கமிட்டியின் அங்கத்தினர். 10,000 முதல் 20,000 மக்களுக்கு 75 படுக்கைகள் கொண்ட ஓர் ஆரம்ப நிலையம் என்பது அவர்களுடைய நெடுங்காலத் திட்டம். கீழ்ப்படி அவ்வளவு அகலமாக இருந்திருந்தால், எத்தனையோ பேர் மேற்படியைப் பார்க்கவே வேண்டியிராது. கட்டியதென்னவோ மிகவும் ஒடுங்கிய படிதான். 2022 டிசம்பரில் கர்நாடகத்தின் நகரங்களில் 'நம்ம கிளினிக்' என்ற பெயரால் சிறு வைத்திய நிலையங்களைத் திறக்கத் தொடங்கினார்கள். பெங்களூரில் வார்டுக்கு ஒன்று என்பது திட்டம். ஒடுங்கிய படியை அகலப்படுத்தும் முயற்சியாகவே இதைக் கருதுகிறோம்.

ஆலைத் தொழிலாளருக்கு வேறு படிக்கட்டு உண்டு. 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி, 1952 பிப்ரவரி 24ஆம் தேதி கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கிய ஈ.எஸ்.ஐ. திட்டம் பின்னர் பெங்களூருக்கும் வந்தது. பீணியாவிலும் பொம்மனஹள்ளியிலும் வேலை செய்யும் நம் பெண்கள் முதலில் டிஸ்பென்சரிக்கும், அங்கிருந்து சீட்டுடன் ராஜாஜிநகர் ஆஸ்பத்திரிக்கும் போகிறார்கள். அங்கே போய்வர ஒரு நாள் முழுதும் கழியும். அந்த நாளின் கூலியை நினைத்து, எழுதிக் கொடுத்த சீட்டைப் பையிலேயே மடித்து வைத்திருப்பவர்களை நாம் கண்டிருக்கிறோம். சான்றிதழ் பெற்ற நோய் விடுப்புக்குக் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை அத்திட்டத்திலேயே உண்டு. தகுதிக்கான சந்தா நாட்கள் நிறைந்திருக்க வேண்டும். டிஸ்பென்சரியில் கேட்டுப் பெற வேண்டும், தானாக வராது.

வேறு மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கும் ஒரு வார்த்தை. மத்தியத் திட்டத்தின் பட்டியலில் பெயருள்ள குடும்பம் அடுத்த மாநிலத்திலும் அதைப் பயன்படுத்த இடமுண்டு. மாநிலத் திட்டத்தில் மட்டும் பெயருள்ளவர் அவ்வாறு நம்பியிருத்தல் ஆகாது. ஊர்க் கார்டை வைத்துக்கொண்டு அயலூரில் இருப்பவர், உடம்பு நன்றாக இருக்கும்போதே ஆஸ்பத்திரியின் உதவி மேஜையில் கார்டைக் காட்டிக் கேட்டுவிடுவது நல்லது. சீட்டு வேண்டுமா, எந்த ஆஸ்பத்திரியின் சீட்டு செல்லும் என்பதையும் அப்போதே கேட்கலாம். டாக்டரிடம் போகுமுன், எப்போது தொடங்கிற்று, என்ன செய்தால் அதிகமாகிறது, என்ன மருந்து சாப்பிடுகிறோம் என்ற மூன்றையும் அவ்வூர் மொழி அறிந்த பிள்ளைகளைக் கொண்டு ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வியாதியின் பெயரை நாமே சூட்ட வேண்டாம். 'சளி', 'மயக்கம்', 'வாயு' முதலிய பெயர்கள் எல்லை தாண்டும்போது பொருள் மாறுகின்றன. படியேறினால் மூச்சு வாங்குகிறது என்பது எந்த மொழியிலும் அதுவே.

இஸ்திரிக்காரருக்கு இருதய வால்வு ஒன்று சுருங்கியிருந்தது. திட்டத்திலேயே ஆபரேஷன் ஆயிற்று; கைப்பணம் செலவழியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுவாரம், நான்கு பக்க இங்கிலீஷ்க் காகிதத்தை நம்மிடம் கொணர்ந்து, "என்ன எழுதியிருக்கு, பாருங்க சார்" என்றார். மூன்றாம் பக்கத்தின் அடியில், இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை நிறுத்தக் கூடாது, குறித்த காலத்தில் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, இக்காகிதத்தை வீட்டருகேயுள்ள டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து கீழே வரும் சீட்டும் அதுதான். அவர் அதை நெருப்புப் பெட்டிக்கும் பழைய ரசீதுகளுக்கும் நடுவே வண்டியில் வைத்திருந்தார். தமிழில் ஒன்றும் கன்னடத்தில் ஒன்றுமாக இரண்டு பிரதி எழுதிக் கொடுத்தோம். கன்னடப் பிரதியை மகள் எடுத்துக்கொண்டு, மறுநாள் காலை எட்டரை மணிக்குக் கிளினிக் திறக்குமுன்னரே வாசலில் போய் நின்றாளாம்.